ஸ்பேனருக்கு வயது கேட்டால்

சென்னையில் தயாரான பழைய புல்லட்டைப் பிரித்து வேலை பார்த்த மெக்கானிக்குகளுக்கு ஒரு குழப்பம் நன்றாகப் பழக்கம். ஸ்பேனரின் தலையில் 3/8 டபிள்யூ என்று பொறித்திருக்கும். காலே அரைக்கால் அங்குலம் என்றால் ஒன்பதரை மில்லிமீட்டர்தான். ஆனால் ஸ்பேனரின் வாயை வெர்னியரில் அளந்தால் 18 மில்லிமீட்டர் காட்டும். இன்று கடையில் வாங்கும் ஸ்பேனரில் 10 என்று போட்டிருந்தால் வாய் 10 மில்லிமீட்டராகவே இருக்கிறது. பழைய ஸ்பேனரில் மட்டும் எண் ஒன்று, வாய் வேறு. ஏன்?

அந்த எண் வாயின் அளவே இல்லை. வாய்க்குள் அடங்கும் நட்டின் நடுவே போகிற போல்ட்டின் தடிமன் அது. மான்செஸ்டரைச் சேர்ந்த ஜோசப் விட்வொர்த் 1841-இல் இங்கிலாந்தின் மரைகளுக்கு ஒரு பொது அளவுமுறையை முன்வைத்தார். அதுவரை ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போல மரை வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. விட்வொர்த் மரையின் கோணத்தை 55 பாகை என்று நிறுத்தினார். எந்தத் தடிமனுக்கு அங்குலத்துக்கு எத்தனை மரை என்பதையும் வரையறுத்தார். பட்டறைக்காரர்கள் போல்ட்டை அதன் தடிமனால்தான் அழைத்தார்கள். அதனால் ஸ்பேனரும் போல்ட்டின் பெயரைச் சுமந்தது. 3/8 போல்ட்டுக்குரிய நட்டின் இரு எதிர்ப் பக்கங்களுக்கு இடையே 0.71 அங்குலம், அதாவது 18 மில்லிமீட்டர்.

அமெரிக்காவில் வேறு கதை. பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் கழகத்தில் 1864-இல் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணம் கொண்ட மரையை முன்மொழிந்தார். நட்டின் அகலத்துக்கும் ஒரு கணக்குச் சொன்னார்: போல்ட்டின் தடிமனைப்போல ஒன்றரை மடங்கு, கூடவே அரைக்கால் அங்குலம். அப்படியானால் அரை அங்குல போல்ட்டுக்கு 7/8 அங்குல வாய். பழைய அமெரிக்க ஸ்பேனர்கள் பலவற்றில் 1/2 என்று பொறித்து வாய் 7/8 இருப்பது இதனால்தான். 20-ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளில் அங்கே வாயின் அகலத்தையே பொறிக்கும் வழக்கம் படிப்படியாக வந்தது.

ஆக, பெயரே தெரியாத ஒரு ஸ்பேனரின் எண்ணையும் வாயையும் மட்டும் ஒப்பிட்டு அது எந்த நாட்டு மரைக்காகப் பிறந்தது, ஏறக்குறைய எந்தக் காலத்தது என்று சொல்லத் தொடங்கிவிடலாம். பழைய ஸ்பேனர்களைச் சேகரிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மிசூரி பள்ளத்தாக்கு ரிஞ்ச் கிளப் என்று இதற்காகவே ஒரு சங்கம் உண்டு. அவர்களில் பலருக்கு இரும்பைச் சேர்ப்பது பாதி ஆசைதான். மீதிப் பாதி, அதைச் செய்தது யார், எப்போது என்று துப்புத் துலக்குவது. அந்தத் துப்பறிதல் எப்படி நடக்கிறது என்பதே இந்தக் கட்டுரை.

முதலில் முறையைப் புரிந்துகொள்வோம். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பாட்டியிடம் வயது கேட்டால் எண் வராது. “தனுஷ்கோடிப் புயல் அடிச்சப்ப நான் ஓடியாடி விளையாடிக்கிட்டு இருந்தேன்” என்பார். அப்படியானால் 1964-க்குச் சில ஆண்டுகள் முன்பே பிறந்துவிட்டார். “எம்.ஜி.ஆர். ஆட்சிக்கு வந்தப்ப எனக்குக் கல்யாணம் ஆகலை” என்பார். அப்படியானால் 1977-இல் அவர் இளம்பெண். ரொம்பவும் முன்னால் பிறந்திருக்க முடியாது. இரண்டு வாக்குமூலமும் தனித்தனியே வயதைச் சொல்லவில்லை. ஒன்று இந்தப் பக்கம் வேலி போடுகிறது, மற்றது அந்தப் பக்கம். நடுவில் மிஞ்சும் இடத்தில்தான் பாட்டியின் பிறந்த வருடம் இருக்கிறது. இதற்கு முன் இருக்க முடியாது என்பதை முன்னெல்லை என்றும், இதற்குப் பின் இருக்க முடியாது என்பதைப் பின்னெல்லை என்றும் வைத்துக்கொள்வோம். ஸ்பேனரின் ஒவ்வொரு அடையாளமும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தரும். ஆய்வாளரின் வேலை அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு நடு இடத்தைச் சுருக்குவது.

இரும்பு உருவான விதம்

எழுத்துகளைப் படிப்பதற்கு முன்னால் ஸ்பேனரின் விளிம்பைப் பார்க்க வேண்டும். கைப்பிடியின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஒரு கோடு ஓடும். அது மெல்லியதாக, சற்றே நெளிந்து, சுற்றியுள்ள பரப்பு மணல் ஒட்டியதுபோல் சொரசொரப்பாக இருந்தால் வார்ப்பு வேலை. மணல் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடம் அந்தக் கோடு. வார்ப்பில் எழுத்துகளும் புடைத்து நிற்கும்.

வார்ப்பிரும்பு கண்ணாடிபோல் நொறுங்கும் பொருளாயிற்றே, அதில் ஸ்பேனர் செய்தால் முதல் இழுப்பிலேயே உடையாதா என்று கேட்கலாம். இதற்கு ஒரு பதம் உண்டு. வார்த்த துண்டுகளைப் பெட்டிகளில் அடுக்கி, உலையில் நாள்கணக்கில் செஞ்சூட்டில் வைத்து, மெதுவாக ஆறவிடுவார்கள். இரும்போடு இறுகப் பிணைந்திருந்த கார்பன் இதனால் பிரிந்து சிறுசிறு கிராஃபைட் உருண்டைகளாக ஒதுங்கிவிடும். இரும்பு நொறுங்கும் குணத்தை இழந்து வளைந்துகொடுக்கத் தொடங்கும். பதவார்ப்பிரும்பு என்று இதைச் சொல்லலாம். அமெரிக்காவில் இதைச் சாத்தியமாக்கியவர் நியூஜெர்சியின் நியூவார்க் நகரத்து சேத் பாய்டன், ஆண்டு 1826. அறுவடை இயந்திரமும் கலப்பையும் விற்ற கம்பெனிகள், இயந்திரத்தோடு ஒரு பதவார்ப்பு ஸ்பேனரையும் சேர்த்துக் கொடுத்தன. அதில் புடைப்பாக இருக்கும் எண் பெரும்பாலும் அளவு அல்ல, உதிரிபாக எண். அந்தக் கம்பெனியின் பழைய உதிரிபாகப் பட்டியல் கிடைத்தால், எந்த இயந்திரத்தோடு வந்த ஸ்பேனர் என்று நேரடியாகச் சொல்லிவிடலாம்.

பக்கவாட்டுக் கோடு பட்டையாக, அரம் போட்டுத் தேய்த்ததுபோல் இருந்தால் அது வேறு வகை. பழுக்கக் காய்ச்சிய எஃகுத் துண்டைக் கீழ் அச்சில் வைத்து, மேல் அச்சைத் தாங்கிய கனத்த சம்மட்டியை உயரத்திலிருந்து விழச்செய்வார்கள். எஃகு அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிறைந்து, மிச்சம் ஓரத்தில் தகடாகப் பிதுங்கும். அந்தப் பிதுங்கலை வெட்டித் தேய்த்த தடம்தான் பட்டைக் கோடு. டிராப் ஃபோர்ஜிங் என்னும் இந்த அச்சுச் சம்மட்டி வேலையில் எஃகின் உள்ளிழைகள் ஸ்பேனரின் வளைவோடு சேர்ந்து வளைகின்றன. வாயின் கழுத்துப் பகுதியில் இழை அறுபடுவதில்லை. அதனால் மெல்லியதாகச் செய்தாலும் தாங்கும்.

இந்த வித்தை பெரிய அளவில் வளர்ந்தது துப்பாக்கித் தொழிலில். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் கோல்ட் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த சார்லஸ் பில்லிங்ஸ், தொடர்துப்பாக்கிக்குப் பெயர்போன கிறிஸ்டபர் ஸ்பென்சருடன் சேர்ந்து பில்லிங்ஸ் அண்ட் ஸ்பென்சர் கம்பெனியைத் தொடங்கினார். முக்கோணத்துக்குள் ‘பி’ என்னும் எழுத்து அவர்களுடைய குறி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் துப்பாக்கி உறுப்புகளை அடித்த கைப்பழக்கம், அமைதிக் காலத்தில் ஸ்பேனரும் தையல் இயந்திர உறுப்பும் அடிக்கப் போனது.

மேற்பூச்சும் காலம் சொல்லும். கருவிகளுக்கு முதலில் வந்தது நிக்கல் முலாம், சற்றே மஞ்சள் சாயலோடு. நீலம் தெறிக்கும் குரோம் முலாம் 1920களின் நடுப்பகுதியில்தான் வணிக அளவில் கிடைக்கத் தொடங்கியது. ஆகவே தொழிற்சாலையிலேயே குரோம் பூசிய ஸ்பேனர் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் இந்தச் சான்று கொஞ்சம் பலவீனமானது. பின்னாளில் யாரோ மறுபடி முலாம் போட்டிருக்கலாம். வடிவம் மாறாது, தோல் மாறலாம். அதனால் அனுபவமுள்ள சேகரிப்பாளர் முலாமைக் கடைசியில்தான் நம்புவார்.

செவ்வாய்க்கிழமைச் சான்று

அமெரிக்க ஸ்பேனர்களில் மிகவும் உதவுவது காப்புரிமைத் தேதி. காப்புரிமை பெற்ற பொருளில் அந்தத் தேதியைப் பொறிக்க வேண்டும் என்று 1842-இலேயே சட்டம் வந்தது. 1927-இல் சட்டம் மாறி, தேதிக்குப் பதில் காப்புரிமை எண்ணைப் பொறிக்க வேண்டியதாயிற்று. அதனால் தேதி மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1927-க்கு முந்திய வடிவம். எண் மட்டும் இருந்தால் பிந்தியது.

தேதி தேய்ந்திருந்தால்? இங்கே ஓர் அழகான சலுகை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் செவ்வாய்க்கிழமைகளில்தான் காப்புரிமைகளை வெளியிட்டு வருகிறது. ஒரு பைப் ரிஞ்சில் ‘அக்டோபர் 1’ என்பது வரை தெரிந்து, அடுத்த இலக்கம் அழிந்து, பிறகு 1869 என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 முதல் 19 வரை பத்துத் தேதிகள் சாத்தியம். ஆனால் 1869 அக்டோபரில் அந்த இடைவெளியில் வந்த செவ்வாய்க்கிழமைகள் இரண்டே: 12, 19. அந்த இரண்டு நாள் காப்புரிமைகளை மட்டும் புரட்டினால் போதும். 12-ஆம் தேதியில் 95,744 என்ற எண்ணில் டேனியல் ஸ்டில்சன் பெற்ற பைப் ரிஞ்ச் காப்புரிமை அகப்படும். நம்மூர்ப் பிளம்பர் கையில் இன்றும் இருக்கும் பைப் ரிஞ்சின் மூதாதை அது. கைப்பிடியை இழுக்க இழுக்கத் தாடை சற்றே சாய்ந்து, குழாயை இன்னும் இறுக்கமாகக் கடிக்கும். அதுதான் ஸ்டில்சனின் யோசனை.

ஆனால் அந்தத் தேதி ரிஞ்ச் செய்த தேதி இல்லை. அது முன்னெல்லை மட்டுமே. பழைய அச்சை மாற்ற மனமில்லாமலோ, தேதி இருந்தால் மதிப்பு என்று நினைத்தோ கம்பெனிகள் காப்புரிமை காலாவதியான பின்பும் அதே தேதியைப் பொறித்துக்கொண்டிருந்தன. ஸ்டில்சன் என்ற பெயரும் அப்படித்தான். காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் அதே வடிவத்தைச் செய்து, அதே பெயரைப் போட்டன. ‘ஸ்டில்சன்’ என்று இருந்தால் வடிவம் தெரியும், தயாரித்தவர் தெரியாது. இதற்கு மாறாக, ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்ற பொறிப்பு கிடைத்தால் சேகரிப்பாளருக்குக் கொண்டாட்டம். விண்ணப்பத்துக்கும் வழங்கலுக்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் மட்டுமே அப்படிப் பொறிப்பார்கள். அதாவது முன்னெல்லையும் பின்னெல்லையும் ஒரே வரியில்.

ஆவணங்களுக்கும் ஓட்டைகள் உண்டு. 1836 டிசம்பர் 15 அன்று வாஷிங்டனின் காப்புரிமை அலுவலகம் தீப்பிடித்து எரிந்தது. அதுவரை வழங்கிய சுமார் 10,000 காப்புரிமைகளின் ஏடுகளும் மாதிரிகளும் சாம்பலாயின. கண்டுபிடிப்பாளர்கள் கையில் வைத்திருந்த பிரதிகளைக் கொண்டு அவற்றில் ஒரு பகுதியை மட்டுமே மீட்க முடிந்தது. மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்த சாலிமன் மெரிக் 1835-இல் பெற்ற ரிஞ்ச் காப்புரிமையும் தீக்கு முந்திய அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான். அந்த வகையில் அதுதான் முதலாவது என்று பலரும் எழுதுவதைப் படிக்கும்போது, அதற்கு முந்திய ஏடுகள் பல இன்று இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பெயர் இருப்பவர் செய்தவரா?

ஸ்பேனரில் பெரிதாக இருக்கும் பெயர் பெரும்பாலும் விற்றவருடையது. அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் 1927 முதல் ‘கிராஃப்ட்ஸ்மேன்’ என்ற பெயரில் கருவிகள் விற்றது. ஆனால் அவற்றை வெவ்வேறு தொழிற்சாலைகளிடம் செய்வித்து வாங்கியது. பெயருக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் ஓரிரு எழுத்துகள்தான் உண்மையான தயாரிப்பாளரின் குறியீடு. அந்தக் குறியீடுகளுக்கு அகராதி கிடையாது. ஒரே வடிவம், ஒரே பிதுங்கல் தடம், ஒரே எழுத்துரு கொண்ட, ஆனால் தயாரிப்பாளரின் சொந்தப் பெயர் தாங்கிய இன்னொரு ஸ்பேனரைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் வைத்துத்தான் அவற்றை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார்கள். தொழிற்சாலைகள் மூடும்போது கணக்குப் புத்தகங்கள் குப்பைக்குப் போயின; ஸ்பேனர்கள் தப்பின. அதனால் நூற்றுக்கணக்கான அலமாரிகளில் சிதறிக் கிடக்கும் சேகரிப்புகளே பல கம்பெனிகளுக்கு மிஞ்சியிருக்கும் ஆவணக் காப்பகம்.

கம்பெனியின் பெயர் மாறிய வரலாறும் ஒரு கடிகாரம். மாசசூசெட்ஸின் வூஸ்டரில் லோரிங் கோஸ் 1841-இல் ஒரு ஸ்க்ரூ ரிஞ்சுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் வாயைக் கூட்டிக் குறைக்க இரண்டு கையும் வேண்டும். கோஸ் திருகைக் கைப்பிடிக்கு இணையாக வைத்து, பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலாலேயே சுழற்றும்படி செய்தார். தம்பி ஆரியும் தொழிலில் சேர்ந்தார். 1869-இல் இருவரும் பிரிந்து தனித்தனிக் கம்பெனி நடத்தினார்கள். ஆகவே இருவர் பெயரின் முதலெழுத்துகளும் சேர்ந்திருக்கும் ரிஞ்ச் பிரிவினைக்கு முந்தியது.

லாஸ் ஏஞ்சலிஸின் பிளோம்ப் கம்பெனி இன்னும் தெளிவான உதாரணம். 1907-இல் தொடங்கிய இந்தக் கம்பெனிமீது, ‘பிளம்ப்’ என்ற பெயரில் கருவி செய்த இன்னொரு கம்பெனி பெயர்க் குழப்பத்துக்காக வழக்குப் போட்டது. 1948-இல் பிளோம்ப் தன் கருவிகளில் அந்தப் பெயரை விட்டு ‘புரோட்டோ’ என்று பொறிக்கத் தொடங்கியது. ஒரு பிளோம்ப் ஸ்பேனர் கிடைக்கிறது. குரோம் இல்லை, மாடல் எண்ணுக்கு முன் ‘டபிள்யூ எஃப்’ என்ற எழுத்துகள். பெயரிலிருந்து, 1907-க்குப் பின், 1948-க்கு முன். நாற்பது ஆண்டு இடைவெளி. இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இரண்டாம் உலகப் போரில் குரோம் ஆயுத எஃகுக்குத் தேவைப்பட்டதால், கருவிகளுக்கு முலாம் போடுவது கட்டுப்படுத்தப்பட்டது. பிளோம்ப் தன் போர்க்கால மேற்பூச்சுக்கு இட்ட அடையாளம்தான் அந்த இரண்டு எழுத்து. நாற்பது ஆண்டு ஒரே எட்டில் நான்கைந்து ஆண்டாகச் சுருங்கிவிட்டது.

கதைகளைச் சோதிப்பது

இதே கணக்கு, ஊர் முழுக்கப் பரவிய கதைகளையும் உரைத்துப் பார்க்க உதவும். உலக ஹெவிவெயிட் பட்டம் வென்ற முதல் கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜான்சன்தான் மங்கி ரிஞ்சைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது. ஜான்சன் ஒரு ரிஞ்சுக்குக் காப்புரிமை பெற்றது முழு உண்மை: எண் 1,413,121, தேதி 1922 ஏப்ரல் 18. நாள்காட்டியைப் பாருங்கள், செவ்வாய்க்கிழமை. ஆனால் அதற்கு 80 ஆண்டு முன்பே, அதே வகையைச் சேர்ந்த கோஸின் ரிஞ்ச் விற்பனையில் இருந்தது. மங்கி ரிஞ்ச் என்ற பெயரும் ஜான்சன் பிறப்பதற்கு முன்பே பட்டறைகளில் புழங்கியது. முன்னெல்லை கதையை உடைக்கிறது. ஜான்சனின் சாதனையை அது தொடவில்லை. இருக்கிற கருவியை அவர் தம் வழியில் மேம்படுத்தினார் என்பதற்கு அந்தக் காப்புரிமையே அத்தாட்சி.

நம் வீட்டுக் கருவிப்பெட்டிக்கும் இந்த முறை ஒரு வம்சாவளி சொல்லும். ஸ்வீடனின் என்ஷோப்பிங் ஊரில் பட்டறை வைத்திருந்த யோஹன் பெத்தர் யோஹான்சனுக்கு, வேலைக்குப் போகும் இடமெல்லாம் நட்டுகள் வெவ்வேறு அளவில் இருந்ததால் ஸ்பேனர் மூட்டையைச் சுமக்க வேண்டியிருந்தது. 1892-இல் அவர் காப்புரிமை பெற்ற, விரலால் உருட்டும் புழுத்திருகு கொண்ட ஸ்பேனரை பாகோ என்ற பெயரில் உலகம் அறிந்தது. 1969-இல் இந்தியாவின் டபாரியா, பாகோவின் தொழில்நுட்பக் கூட்டோடு கைக்கருவிகள் செய்யத் தொடங்கியது. நம்மூர் ஹார்டுவேர் கடையில் தொங்கும் ஸ்க்ரூ ஸ்பேனரின் வடிவம், விட்வொர்த்தும் செல்லர்ஸும் தீர்க்க முயன்ற அதே அளவுக் குழப்பத்தில் பிறந்தது.

அழிந்த எழுத்தை வரவழைப்பது

எல்லாச் சான்றும் எழுத்தைப் படிக்க முடிந்தால்தான். தேய்ந்த எழுத்துக்கு நேரே விளக்கடித்தால் ஒன்றும் தெரியாது. இருட்டில், செல்போன் டார்ச்சை ஸ்பேனரின் பரப்போடு ஒட்டிப் படுத்தவாக்கில் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். கால் மில்லிமீட்டர் பள்ளம்கூட நிழல் காட்டும். ஒரு கோணத்தில் தெரியாத கோடு இன்னொரு கோணத்தில் எழும். ‘8’ என்று நினைத்தது ‘3’ ஆகும்.

பரப்பு முழுக்கத் தேய்ந்து மழுங்கியிருந்தாலும் வழி உண்டு. உளி அச்சால் அடித்து எழுத்தைப் பதிக்கும்போது பள்ளம் மட்டும் உருவாவதில்லை; பள்ளத்துக்குக் கீழே உள்ள எஃகுப் படிகங்களும் நசுங்கி உருமாறுகின்றன. மேலே உள்ளதைத் தேய்த்து எடுத்தாலும் அந்த நசுங்கிய அடுக்கு சற்று ஆழம் வரை இருக்கும். நசுங்கிய எஃகும் நசுங்காத எஃகும் அமிலத்துக்கு ஒரேபோல் இணங்குவதில்லை. தாமிர குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவினால், மறைந்த எழுத்து மங்கலாக எழும்பும். தடயவியல் கூடங்களில் அராவப்பட்ட துப்பாக்கி எண்ணையும் வண்டியின் சேசிஸ் எண்ணையும் மீட்பது இந்த வழியில்தான். வீட்டில் செய்கிற வேலை இல்லை. வார்ப்பில் புடைத்திருந்த எழுத்துக்கும் இது பலிக்காது. அங்கே நசுக்கலே நடக்கவில்லை.

துருவை எடுக்க வீட்டிலேயே செய்யத்தக்கது மின்னாற்பகுப்பு. பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் சலவை சோடாவைக் கரைத்து, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை ஸ்பேனரிலும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டிலும் மாட்டினால், துரு பிடிவிட்டுக் கறுப்புச் சேறாக உதிரும். நல்ல இரும்பு தேயாது. குமிழியாக வருவது ஹைட்ரஜன், ஆகவே காற்றோட்டமான இடம் வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. தகடு எவர்சில்வராக இருக்கவே கூடாது. அதன் குரோமியம் நச்சுச் சேர்மமாகக் கரையும்.

காயலான் கடையில் ஒரு விசித்திர ஸ்பேனர் கண்ணில் பட்டால், பளபளப்பாக்கும் ஆசையில் கிரைண்டரில் கொடுத்துவிடாதீர்கள். முதலில் வாயை அளந்து எண்ணோடு ஒப்பிடுங்கள். விளிம்புக் கோட்டைப் பாருங்கள். சாய்வொளியில் படம் எடுங்கள். எந்த இயந்திரத்தோடு, எந்த ஊரிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பிறகு துருவை எடுக்கலாம். கடைசியில் ஒரே ஓர் ஆண்டு கையில் வந்து விழாமல் போகலாம். ‘1942-க்கும் 1946-க்கும் இடையே, இன்ன காரணங்களால்’ என்று எழுத முடிந்தால் அதுவே நல்ல விடை. நாளை இன்னொருவர் இன்னொரு ஸ்பேனரைக் கொண்டுவந்து அந்த எல்லையை ஒரு வருடம் குறைக்க வேண்டுமென்றால், நீங்கள் எழுதி வைத்த காரணங்கள்தான் அவருக்குத் தேவை.